"படி, படி" என்றால் மட்டும் போதுமா?

எங்கட சனத்தில் இரண்டு பேர் கண்டுகொண்டால் மூன்றாவது கேள்வி இதுவாகத்தான் இருக்கும். "பிள்ளை இப்ப எத்தினையாம் கிறேட்?" பதினொன்று, பன்னிரண்டு என்று பதில் வந்தால் போதும். வீட்டில் நோயாளி கிடப்பது போலக் குரல் தாழ்ந்துவிடும். "அப்ப சரியான கஸ்ரமான நேரம். வடிவாப் படிக்கச் சொல்லுங்கோ."

படிக்கச் சொல்வதில் எங்களை விஞ்ச ஆளில்லை. காலையில் சொல்கிறோம், காரில் சொல்கிறோம், சோறு போடும்போதும் சொல்கிறோம். ஆனால் எப்படிப் படிப்பது, எந்த நேரத்தில் எதைப் படிப்பது, எவ்வளவு நேரத்தின் பின் புத்தகத்தை மூடுவது என்று எத்தனை வீட்டில் கதைத்திருக்கிறோம்? "படி" என்பது ஒரு கட்டளை. அதில் வழிமுறை ஒன்றும் கிடையாது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எங்கள் பிள்ளைகளுக்குக் குறைவது கெட்டித்தனமும் இல்லை, கஸ்ரப்படுகிற குணமும் இல்லை. நேரத்தைத் தாங்களே கையாளுகிற பழக்கம்தான் குறைகிறது. அதற்கு இடம் விடாதவர்கள் பெரும்பாலும் பெற்றோராகிய நாங்கள்தான்.

நான் இருக்கிற ஒன்ராறியோவை வைத்தே இதை எழுதுகிறேன். இலண்டனிலும் ஒஸ்லோவிலும் முறைகள் வேறு. ஆனால் எங்கள் வீடுகள் பெரிதாக வேறில்லை என்றுதான் நினைக்கிறேன்.

எங்களுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஊரில் க.பொ.த. உயர்தரம் என்பது ஒரே ஒரு வாசல். இரண்டு வருடம் என்ன செய்தாய், வகுப்பில் எப்படி இருந்தாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். சோதினை மண்டபத்தில் எழுதினதுதான் கணக்கு. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தபின் அந்த வாசலும் ஒடுங்கிப் போனது. ஒரு புள்ளி, அரைப் புள்ளியில் மருத்துவமோ பொறியியலோ கைவிட்டுப் போனவர்கள் எங்கள் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு சண்டை. மின்சாரம் இல்லாத காலத்தில் குப்பி விளக்கில் படித்தோம். இடம்பெயர்ந்து போன பள்ளிக்கூடத்தில், மரத்தின் கீழ், பங்கருக்குப் பக்கத்தில் படித்தோம். வீடும் காணியும் போனாலும் படிப்பு போகாது என்று அம்மா அப்பா சொன்னது வெறும் பேச்சில்லை, கண்ணால் கண்ட உண்மை. ஆகவே "படி, படி" என்று சொல்கிற பெற்றோரை நான் பகிடி பண்ணமாட்டேன். அந்தச் சொல்லுக்குள் ஒரு பயம் இருக்கிறது, அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

ஆனால் இங்கே வாசல் வேறு மாதிரி. இதை அறியாமல் ஊர் முறையைக் கொண்டுவந்து பிள்ளையின் தலையில் வைப்பதுதான் பிரச்சினை.

ஒன்ராறியோவில் உயர்தரத்தைப் போல ஒரு பொதுப் பரீட்சை பல்கலைக்கழகத்தைத் தீர்மானிப்பதில்லை. உயர்நிலைப் பள்ளியை முடிக்க 30 கிறெடிற் வேண்டும். ஒரு கிறெடிற் என்பது 110 மணித்தியாலப் பாடம். ஒரு பாடத்தின் இறுதிப் புள்ளியில் 70 வீதம், பாடம் நடக்கும் காலம் முழுவதும் செய்கிற வேலையில் இருந்து வருகிறது. மிச்சம் 30 வீதம்தான் கடைசிச் சோதினைக்கும் கடைசி ஒப்படைக்கும். செப்ரெம்பர் மூன்றாம் கிழமையில் தவறவிட்ட ஒரு சின்ன ஒப்படை ஜனவரியிலும் கூடவே வந்து நிற்கும். "சோதினைக்கு முதல் இரண்டு மாதம் விழுந்து விழுந்து படித்தால் பிடிச்சிடலாம்" என்ற எங்கள் ஊர்க் கணக்கு இங்கே எடுபடாது. பெரும்பாலான பள்ளிக்கூடங்களில் செமஸ்ரர் முறை. நாலு பாடம் ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு மாதம் தூங்கி எழும்பினால் பாதிப் பாடம் போய்விட்டது.

பல்கலைக்கழகங்கள் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பில் எடுத்த, பல்கலைக்கழகத்துக்குரிய 'யூ' வகையும் பொதுவான 'எம்' வகையுமான பாடங்களில் ஆறின் சராசரியை. அந்த ஆறில் ஆங்கிலம் கட்டாயம் இருக்கும். எங்கள் பெற்றோர் கணிதத்துக்கும் வேதியியலுக்கும் மூன்று இடத்தில் ரியூசன் விட்டு, ஆங்கிலத்தைக் கவனிக்காமல் விடுவதைக் காண்கிறேன். கணிதத்தில் 95 எடுத்த பிள்ளை ஆங்கிலத்தில் 76 எடுத்தால் சராசரி எங்கே போகும் என்று கணக்குப் போட ரியூசன் தேவையில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு பத்தாம் வகுப்பிலேயே தொடங்குகிறது என்பதும் பலருக்குத் தெரியாது. பதினொராம் வகுப்பில் 'யூ' வகைக் கணிதச் சார்புகள் எடுக்காத பிள்ளைக்குப் பன்னிரண்டில் நுண்கணிதத்துக்குப் போகும் நேர்வழி இல்லை. நுண்கணிதம் இல்லாமல் பொறியியல் இல்லை. பதினொன்றுக்கான பாடங்களைப் பத்தாம் வகுப்பு நடக்கும்போதே தெரிவு செய்யவேண்டும். அந்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது, அம்மா வேலையால் வந்து களைத்துப்போய் வாசிக்காமலே கையெழுத்து வைக்கிறார். நேர முகாமைத்துவம் என்றால் மணிக்கூடு பார்ப்பது மட்டுமில்லை. எது எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதும் அதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பின் நாட்காட்டியைப் பாருங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசித் திகதி ஜனவரி நடுப்பகுதியில் வரும். முதல் செமஸ்ரரின் இறுதிச் சோதினைகள் ஜனவரிக் கடைசியில். சில துறைகளுக்குப் புள்ளி மட்டும் போதாது, தன்னைப் பற்றி எழுதிக் கொடுக்கவும் வேண்டும். வாட்டர்லூ பொறியியலும் மக்மாஸ்ரரின் சுகாதார விஞ்ஞானமும் அதற்குப் பெயர்போனவை. போதாக்குறைக்கு, பள்ளியை முடிக்க 40 மணித்தியாலச் சமூக சேவையும் வேண்டும். அதை ஒன்பதாம் வகுப்பில் இருந்து சிறுகச் சிறுகச் செய்யலாம், கோடையில் ஒரு மாதத்தில் முடித்தும் விடலாம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு ஏப்ரலில் "அங்கிள், உங்கட கடையில வந்து நிக்கலாமோ" என்று கேட்டு ஓடித்திரிகிற பிள்ளைகளை வருடா வருடம் காண்கிறேன்.

சரி, ஒரு கிழமைக்கு எத்தனை மணித்தியாலம்? 168. இதை ஒரு கடதாசியில் எழுதிப் பிள்ளையோடு இருந்து கழித்துப் பாருங்கள். நாளுக்கு ஒன்பது மணித்தியாலம் நித்திரை என்றால் 63 போய் 105 மிச்சம். பள்ளிக்கூடமும் போக்குவரத்தும் 35. மிச்சம் 70. சாப்பாடு, குளிப்பு, உடுப்பு எல்லாவற்றுக்கும் நாளுக்கு இரண்டு என்றால் 14. மிச்சம் 56. பகுதி நேர வேலை 10. மிச்சம் 46. மூன்று நாள் ரியூசன், போய்வருவதோடு 9. மிச்சம் 37. வீட்டு வேலை, தம்பி தங்கச்சியைப் பார்ப்பது 5. சனி ஞாயிறில் கோயில், சாமத்தியவீடு, பிறந்தநாள் 6. மிச்சம் 26.

இந்த 26 மணித்தியாலம்தான் பிள்ளையின் கையில் உள்ள சொத்து. தானாக இருந்து படிப்பது, விளையாட்டு, நண்பர்கள், போன், சும்மா இருப்பது எல்லாம் இதற்குள். சிலருக்கு இது தாராளம் போலத் தெரியும். ஆனால் இந்த 26உம் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை. அரை மணி, முக்கால் மணி என்று உடைந்து கிடக்கிறது. "நேரமில்லை" என்று பிள்ளை சொல்வதும் உண்மை, "நேரம் கிடக்குத்தானே" என்று அப்பா சொல்வதும் உண்மை. உடைந்து கிடக்கிற நேரத்தை முதலே பெயர் சொல்லி ஒதுக்கி வைக்காவிட்டால் அது போனுக்குத்தான் போகும்.

இன்னொன்று. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மதிப்பிடுவதில் மனிதர் எல்லோருமே பிழை விடுகிறவர்கள். 1994இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எங்கள் ஒன்ராறியோவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர்களிடம் இறுதி ஆண்டு ஆய்வுக் கட்டுரையை முடிக்க எத்தனை நாள் பிடிக்கும் என்று கேட்டார்கள். சராசரியாகச் சுமார் 34 நாள் என்றார்கள். உண்மையில் பிடித்தது சுமார் 55 நாள். பல்கலைக்கழகத்தின் கடைசி வருடத்தில் நிற்கிறவர்களுக்கே இப்படி என்றால் பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ஆகவே பிள்ளை "இரண்டு மணித்தியாலத்தில் முடியும்" என்றால் மூன்றரை ஒதுக்கச் சொல்லுங்கள். கடைசித் திகதிக்கு இரண்டு நாள் முதலே தனக்கென ஒரு கடைசித் திகதி வைக்கப் பழக்குங்கள்.

இனி, இருக்கிற நேரத்தில் எப்படிப் படிப்பது? பாடக்குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பதும் மஞ்சள் பேனையால் கோடு போடுவதும்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரிந்த வழி. 2013இல் டன்லொஸ்கி என்பவரும் கூட்டாளிகளும் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்து மதிப்பிட்டார்கள். கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் உள்ளவை என்று வந்தது. அதிக பயன் என்று அவர்கள் சொன்னவை இரண்டுதான். தன்னைத் தானே சோதிப்பது ஒன்று, இடைவெளி விட்டுப் படிப்பது மற்றது.

முதலாவதற்கு 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் செய்த பரிசோதனை நல்ல சாட்சி. மாணவர்களிடம் ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு சாரார் இரண்டாம் தரமும் வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்களே முன்னுக்கு நின்றார்கள், 81 வீதத்துக்கு 75. ஒரு கிழமை கழித்துச் சோதித்தபோது கதை தலைகீழ். திரும்ப வாசித்தவர்களுக்கு நினைவில் நின்றது 42 வீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56.

இதில்தான் விசயம் இருக்கிறது. திரும்ப வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், மனதுக்கும் சுகம். புத்தகத்தை மூடிவிட்டு யோசித்தால் ஒன்றும் வராது, சங்கடமாக இருக்கும். அந்தச் சங்கடம்தான் படிப்பு. இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் ஒரு நொடியில் வடிவான விடை வந்துவிடுகிறது. அதை வாசித்து "விளங்கிட்டுது" என்று தலையாட்டுவதும் அதே சுகம்தான். மூடிவிட்டுத் தானே எழுதிப் பார்க்கிற வரைக்கும் அது பிள்ளையின் அறிவாகாது.

எங்கள் ஊரில் கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்துச் செய்ததும், அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்து "கேளுங்கோ" என்று ஒப்புவித்ததும் இந்த முறைக்குக் கிட்டத்தான் நிற்கின்றன. பாடமாக்குவதோடு நின்றுவிடாமல், ஏன், எப்படி என்று தன் சொல்லில் சொல்லவும் வைத்தால் அது இங்கேயும் நன்றாகச் செல்லும். ஆங்கிலம் தெரியாத அம்மாகூட இதைச் செய்யலாம். "இண்டைக்குப் படிச்சதை எனக்குத் தமிழில சொல்லு பாப்பம்." தமிழில் சொல்லத் தடுமாறி, சொல் தேடி, கையால் படம் கீறிச் சொல்லுகிற பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. தமிழும் கொஞ்சம் வளரும்.

இடைவெளி பற்றி ஒரு வார்த்தை. ஞாயிறு ஒரே இருப்பில் நாலு மணித்தியாலம் படிப்பதைவிட, திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று ஒவ்வொரு மணித்தியாலம் படிப்பது கூட நாள் நிற்கும். மறப்பதைப் பற்றி எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மனியர் தன்னையே வைத்துப் பரிசோதித்து எழுதியது 1885இல். இது புதுப் புதினம் ஒன்றுமில்லை. உடைந்து கிடக்கிற அந்த 26 மணித்தியாலத்துக்கும் இந்த முறைதான் பொருந்தும்.

ரியூசனைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். ஒரு பாடத்தில் அடிப்படை விளங்காத பிள்ளைக்கு ரியூசன் மருந்து. மருந்தைச் சாப்பாடாகக் கொடுக்கக்கூடாது. கிழமையில் ஐந்து நாள் ரியூசனுக்குப் போகிற பிள்ளை, யாரோ செய்து காட்டுகிற கணக்கை ஐந்து நாளும் பார்க்கிறது. தானாக இருந்து, பிழைத்து, திருத்திச் செய்ய அதற்கு நேரமே இல்லை. எதை முதலில் படிப்பது என்று முடிவெடுக்கவும் தேவையில்லை, அதையும் ரியூசன் மாஸ்ரர் சொல்லிவிடுகிறார். புள்ளி வரும். பழக்கம் வராது.

நித்திரையைக் களவாக நினைப்பதும் எங்கள் வியாதி. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை நாளுக்கு எட்டு முதல் பத்து மணித்தியால நித்திரை வேண்டும் என்று அமெரிக்க நித்திரை மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. அந்த வயதில் உடம்பின் மணிக்கூடே பின்னுக்குப் போகிறது, இரவு பத்து மணிக்கு நித்திரை வராதது சோம்பல் இல்லை. ஆனால் இரண்டு மணிவரை முழிப்பது உடம்பின் வேலையில்லை, கட்டிலுக்குள் இருக்கிற போனின் வேலை. ஒன்ராறியோவில் 2024 செப்ரெம்பரில் இருந்து ஏழாம் வகுப்பும் அதற்கு மேலும் ஆசிரியர் அனுமதித்தால் ஒழியப் பாடநேரத்தில் போன் கண்ணில் படக்கூடாது என்று விதி வந்துவிட்டது. வீட்டிலும் இரவு போன் எல்லாம் குசினி மேசையில் கிடக்கட்டும். எல்லாம் என்றால் அப்பாவின் போனும் சேர்த்துத்தான்.

இனிச் சொல்லப்போவது எனக்கு மனம் நோகிற விசயம். எங்கள் வீடுகளில் எல்லாப் பிள்ளைக்கும் அந்த 26 மணித்தியாலம் கிடைப்பதில்லை. அண்ணா படிக்கிறான் என்று அறைக் கதவைச் சாத்திவிடுகிறோம். அதே வகுப்பில் படிக்கிற தங்கச்சியை "பிள்ளை, இந்தக் கோப்பையளைக் கழுவிப்போட்டுப் போய்ப் படி" என்கிறோம். அம்மம்மாவை டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்ப்பது, வங்கிக் கடிதம் வாசிப்பது, குடிவரவுப் படிவம் நிரப்புவது எல்லாம் பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளையின் வேலை. அகதியாக வந்த வீட்டில் இதெல்லாம் தவிர்க்க முடியாதவைதான். பன்னிரண்டு வயதிலேயே குடும்பத்தின் வாயாக இருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வேலைகளுக்கும் மணித்தியாலக் கணக்கு உண்டு. அதைக் கடதாசியில் எழுதுங்கள். எழுதினால்தான் அண்ணாவுக்கு எவ்வளவு, தங்கச்சிக்கு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு பங்கிடலாம்.

இதெல்லாம் எதற்கு? பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கு மட்டுமில்லை, அங்கே நிற்பதற்கு. முதலாம் வருடத்தில் ஐந்து பாடம் என்றால் விரிவுரை கிழமைக்குப் பதினைந்து மணித்தியாலம் அளவில்தான் வரும். மிச்சமெல்லாம் பிள்ளையின் கையில். ஒரு மணித்தியால விரிவுரைக்கு இரண்டு மணித்தியாலம் தானாகப் படிக்கவேண்டும் என்பது அங்கே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எழுப்ப ஆளில்லை, வராவிட்டால் கேட்க ஆளில்லை. பெற்றோர் கட்டணம் கட்டினாலும், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் புள்ளிகளைப் பெற்றோருக்குச் சொல்லாது. தனியுரிமைச் சட்டம்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், பெயர் வேண்டாம். தொண்ணூறுக்கு மேல் சராசரியோடு போனவன். பதினெட்டு வயதுவரை அவன் நேரத்தை அம்மாவும் ரியூசனும் பிரித்து வைத்திருந்தார்கள். முதல் தவணையில் இரண்டு பாடம் போய்விட்டது. வீட்டில் சொல்லவில்லை. எட்டு மாதம் காலையில் பையோடு வெளிக்கிட்டு மாலையில் வந்தான். அம்மா இரண்டு வேலை செய்கிறா, அவவிடம் எப்படிச் சொல்லுறது என்றுதான் அவனுக்குப் பயம். பிறகு தெரியவந்து, இப்போது வேறு துறையில் நல்லாயிருக்கிறான். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி முடிவதில்லை. "உனக்காகத்தான் இந்தக் குளிருக்குள்ள கஸ்ரப்படுறம்" என்ற வார்த்தையை நாங்கள் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை அதைச் சுமந்துகொண்டு திரிகிறது. பிழைத்துவிட்டேன் என்று வந்து சொல்ல வழியில்லாத வீட்டில் எந்த நேர அட்டவணையும் வேலை செய்யாது.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஞாயிறு பின்னேரம் இருபது நிமிடம் பிள்ளையோடு இருங்கள். மூன்று கேள்வி போதும். வருகிற கிழமை என்னென்ன கொடுக்கவேண்டும்? எந்த நாளில் எந்த நேரத்தில் செய்யப்போகிறாய்? எங்களிடம் இருந்து என்ன வேணும்? பதிலைப் பிள்ளையே எழுதட்டும். நீங்கள் திருத்தவேண்டாம். போன கிழமை எழுதியது நடக்கவில்லை என்றால் ஏசாமல் ஏன் என்று கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் தொடங்கினால் பன்னிரண்டில் நீங்கள் தேவைப்படமாட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சராசரியை அந்த இருபது நிமிடத்துக்குள் கொண்டுவராதீர்கள். எல்லாப் பிள்ளையும் பல்கலைக்கழகம் போகவேண்டும் என்றும் இல்லை. கொலிச்சுக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகிற பிள்ளைக்கும் 168 மணித்தியாலம்தான்.

பிள்ளைகளுக்கும் ஒன்று. உங்கள் அம்மா அப்பா "படி" என்று சொல்வது அவர்களுக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம் இல்லாத உதவி. அதற்குக் கோபிக்காதீர்கள். கடதாசியை நீங்களே எடுத்துக்கொண்டு போய், இதுதான் என் கிழமை, இந்த நேரத்தில் என்னைக் கூப்பிடாதீர்கள், இந்த நேரத்தில் நான் வந்து உதவுகிறேன் என்று காட்டுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் கிழமை, வருகிற ஆட்களிடம் "பிள்ளைக்கு இப்ப படிக்கிற நேரம்" என்று அவர்களே சொல்லத் தொடங்குவார்கள்.